நாலரை மீட்டர் செவ்வாய்

நேற்று இரவு கடைசி அட்டையையும் சுவரில் ஏற்றினேன். நாசாவின் ஆளில்லா ஆய்வு வண்டியான ஆப்பர்ச்சுனிட்டி ரோவர் செவ்வாயில் ஓடிய 45.16 கிலோமீட்டரும் இப்போது எங்கள் ஹாலில் 4 மீட்டர் 52 சென்டிமீட்டர் நீளப் படநாடாவாக ஓடுகிறது. சுவர் 3.6 மீட்டர்தான் இருப்பதால் மூலையில் திரும்பி அடுத்த சுவரில் போய் முடிகிறது. வேலைக்கு எட்டு மாதம் ஆனது. அதில் மூன்று மாதம் தவறான வழியில் போய்விட்டுத் திரும்பி வந்தது. இதே மாதிரி செய்ய நினைக்கிறவர்களுக்கு அந்த மூன்று மாதமாவது மிச்சமாகட்டும்.

ஏன் ஆப்பர்ச்சுனிட்டி? அதன் பயணம் முடிந்துவிட்டது என்பதுதான் முதல் காரணம். சுவரில் ஒட்டும் நாடாவுக்கு இந்தக் கோடி, அந்தக் கோடி என்று இரண்டும் வேண்டும். 2004 ஜனவரி 25-இல் மெரிடியானி சமவெளியில் ஈகிள் என்ற 22 மீட்டர் அகலப் பள்ளத்துக்குள் அது இறங்கியது. 90 செவ்வாய் நாட்கள் வேலை செய்தால் போதும் என்று திட்டமிட்ட வண்டி, 2018 ஜூன் 10 வரை பேசிக்கொண்டிருந்தது. அனுப்பிய படங்கள் 2,17,000-க்கும் மேல். எல்லாமே பொதுவெளியில் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் இறக்கிக்கொள்ளலாம்.

அளவு ஒரு சென்டிமீட்டருக்கு 100 மீட்டர். இதை முடிவு செய்ய ஒரு ஞாயிறு முழுக்க அளவுநாடாவும் சாக்பீஸுமாகத் தரையில் கோடு போட்டுப் பார்த்தேன். இந்த அளவில் ஈகிள் பள்ளம் 2.2 மில்லிமீட்டர், ஒரு எள்ளு மாதிரி. விக்டோரியா பள்ளம் ஏழரை சென்டிமீட்டர், ஒரு தம்ளர் வாய் அளவு. எண்டெவர் பள்ளத்தின் குறுக்களவு 22 கிலோமீட்டர், அதாவது சுவரில் 2.2 மீட்டர். அதை முழுதாக வரைய முடியாது, விளிம்பை மட்டும்தான் காட்ட முடியும். ரோவரும் கடைசி ஏழு வருடம் அந்த விளிம்பில்தான் இருந்தது.

நாடாவின் அகலம் 30 சென்டிமீட்டர். நடுவில் பாதைக் கோடு. அதற்கு மேலே, அந்தந்த இடத்தில் நின்று பார்த்த பனோரமா, அதாவது பல படங்களை ஒட்டிய அகலக் காட்சி. கீழே சக்கரத்தடம், பாறை, மண் படங்கள். பாதைக்கு அடியில் விரிக்க, செவ்வாயைச் சுற்றிவரும் மார்ஸ் ரிகனைசன்ஸ் ஆர்பிட்டரின் ஹைரைஸ் கேமரா மேலிருந்து எடுத்த படங்களைப் பயன்படுத்தினேன். ஒரு பிக்சலுக்கு சுமார் 25 சென்டிமீட்டர் தெளிவு உள்ளவை. 2006 அக்டோபரில் எடுத்த ஒரு படத்தில் விக்டோரியாவின் விளிம்பில் ரோவரே ஒரு புள்ளியாகத் தெரிகிறது. அதைக் கண்டுபிடித்த அன்று வேறு வேலை எதுவும் ஓடவில்லை.

முதல் தவறு தேதியில். படங்களின் ஃபைல் பெயரே ஒரு ஜாதகம் மாதிரி. முதல் எழுத்து 1 என்றால் ஆப்பர்ச்சுனிட்டி, 2 என்றால் அதன் இரட்டையான ஸ்பிரிட். இரண்டாவது எழுத்து எந்தக் கேமரா என்று சொல்லும். அடுத்த ஒன்பது இலக்கங்கள் 2000 ஜனவரி 1 நண்பகலையொட்டி எண்ணத் தொடங்கிய வினாடிகள். அந்த வினாடிகளை விரிதாளில் 86,400-ஆல் வகுத்து, இறங்கிய நாளிலிருந்து எத்தனையாவது நாள் என்று ஒரு பத்தி போட்டேன். ஈகிள் பள்ளத்தில் இருந்தவரை எல்லாம் கிட்டத்தட்டப் பொருந்தியது. எண்டியூரன்ஸ் பள்ளத்துக்கு வந்தபோது இரண்டு மூன்று நாள் பிசகியது. நானே ஏதோ வரிசை மாற்றிவிட்டேன் என்று நினைத்துக் கையால் திருத்திக்கொண்டே போனேன்.

செவ்வாயின் ஒரு நாளை சோல் என்கிறார்கள். அது 24 மணி 39 நிமிடம் 35 வினாடி, அதாவது 88,775 வினாடி. ரோவர் குழுவின் குறிப்புகள் எல்லாமே சோல் கணக்கில்தான் இருக்கும். நான் வகுத்தது பூமியின் நாளால். 36 நாளுக்கு ஒரு நாள் வீதம் விலகிக்கொண்டே போய், கடைசி சோல் 5111-க்கு வரும்போது என் கணக்கு 140 நாள் தள்ளி நின்றது. ஒரே ஒரு எண்ணை மாற்றினேன், எல்லாம் இடத்தில் உட்கார்ந்தது. ஆனால் கையால் திருத்தியிருந்த 600 வரிகளை மறுபடி பழைய நிலைக்குக் கொண்டுவர இரண்டு வாரம் பிடித்தது. கணக்கு கொஞ்சம் பிசகினால் உடனே கையால் தட்டி நிமிர்த்தாதீர்கள். பிசகு எப்படி வளர்கிறது என்று ஒரு கோடு வரைந்து பாருங்கள். அது நேர்கோடாக ஏறினால் காரணம் ஒன்றுதான்.

இரண்டாவது தவறும் அதே பெயருக்குள் இருந்தது. ஒரு பனோரமா ஒட்ட, ஒரே இடத்தில் நின்று எடுத்த படங்கள் வேண்டும். நான் ஒரே சோலில் எடுத்த படங்களை ஒரு ஃபோல்டரில் போட்டேன். ரோவர் காலையில் படம் எடுக்கும், பிற்பகலில் அறுபது எழுபது மீட்டர் ஓடும், நின்று மறுபடி படம் எடுக்கும். இரண்டையும் சேர்த்து ஒட்டினால் அடிவானம் பொருந்தும், தரை பொருந்தாது. இப்படி 40 பனோரமா வீணானது.

பெயரின் 15-லிருந்து 18 வரை உள்ள நான்கு எழுத்துகளைக் கவனிக்க வேண்டும். முதல் இரண்டு தளம், அடுத்த இரண்டு அந்தத் தளத்திலிருந்து எத்தனையாவது நகர்வு. வண்டி கொஞ்சம் நகர்ந்தாலும் அந்த எண் மாறிவிடும். நான்கும் ஒன்றாக இருந்தால் ரோவர் அசையவில்லை. எத்தனை வாரம் இடைவெளி இருந்தாலும் அந்தப் படங்களை ஒன்றாக ஒட்டலாம். ஒரு எச்சரிக்கை: விரிதாளில் அந்தப் பத்தியை எழுத்து வடிவம் என்று முதலிலேயே குறித்துவிடுங்கள். இல்லையென்றால் முன்னால் உள்ள சுழியங்களைத் தின்றுவிடும், தளம் 02 நகர்வு 03 என்பது வெறும் 203 ஆகிவிடும்.

அப்புறம் நிறம். இதில்தான் மிக அதிக நாள் போனது, மிக அதிகமாகக் கற்றுக்கொண்டதும் இதில்தான்.

ஆப்பர்ச்சுனிட்டியின் கம்பத்தில் இரண்டு கண் மாதிரி இருக்கும் பான்கேம், நம் கைபேசி கேமரா மாதிரி நேராக வண்ணப்படம் எடுக்காது. 1024-க்கு 1024 பிக்சல், கறுப்பு வெள்ளை. முன்னால் ஒரு சக்கரத்தில் வடிகட்டிகள் சுழலும். ஒரே காட்சியை ஒவ்வொரு வடிகட்டி வழியாகவும் தனித்தனியாக எடுக்கும். நாம்தான் மூன்றை எடுத்து சிவப்பு, பச்சை, நீலம் என்று அடுக்க வேண்டும். பயணம் முழுக்க அதிகம் கிடைப்பது இடது கண்ணின் எல்2, எல்5, எல்7 என்ற வடிகட்டிகள். அலைநீளம் 753, 535, 432 நானோமீட்டர்.

சும்மா அடுக்கினேன். ஒரு கட்டம் ஆரஞ்சு, பக்கத்துக் கட்டம் பச்சை, அடுத்தது ஊதா என்று சதுரங்கப் பலகை மாதிரி வந்தது. நான் இறக்கியவை உடனடிப் பார்வைக்காக வெளியிடப்படும் ஜேபெக் படங்கள். அவற்றில் ஒவ்வொரு படத்தையும் தனியாக, அதன் மிக இருண்ட புள்ளி கறுப்பாகவும் மிக ஒளிர்ந்த புள்ளி வெள்ளையாகவும் வரும்படி இழுத்து வைத்திருக்கிறார்கள். மண்ணின் வடிவம் பார்க்க அது நல்லது. நிறத்துக்கு உதவாது, ஏனென்றால் மூன்று வடிகட்டிகளுக்கும் இடையே இருந்த ஒளி விகிதம் அதிலேயே அழிந்துவிடுகிறது. ஜிம்ப் என்ற படத்திருத்த மென்பொருளில் உட்கார்ந்து கண்ணால் பார்த்துப் பார்த்து 70 கட்டம் திருத்தினேன். பகலில் சரியாகத் தெரிந்தது ராத்திரி டியூப்லைட்டில் வேறாகத் தெரிந்தது. எழுபதையும் தூக்கிப் போட்டேன்.

சரி என்று நாசாவின் கோள் தரவுக் காப்பகத்திலிருந்து, ஒளி அளவு சரிசெய்த ஃபைல்களை இறக்கினேன். அளவில் பெரியவை, திறக்க ஒரு சின்ன பைதான் நிரல் எழுத வேண்டியிருந்தது. ஆனால் மூன்றையும் அடுக்கியதுமே பக்கத்துப் பக்கத்துக் கட்டங்கள் ஒரே நிறத்தில் வந்தன. இத்தனை நாள் இதை விட்டுவிட்டோமே என்று இருந்தது.

அதிலும் ஒரு முடிச்சு பாக்கி. ரோவரின் மேல்தட்டில் ஒரு சூரியக் கடிகாரம் உண்டு. நடுவில் ஒரு தண்டு, சுற்றிச் சாம்பல் வளையங்கள், நான்கு மூலையிலும் சிவப்பு, மஞ்சள், பச்சை, நீலம் என்று நான்கு நிறத் துண்டுகள். 'இரண்டு உலகம், ஒரு சூரியன்' என்று ஆங்கிலத்தில் பொறித்திருப்பார்கள். நிறம் சரிபார்க்கவே வைத்தது. என் படத்தில் அந்த நீலத் துண்டு இளஞ்சிவப்பாக வந்தது. காரணம் எல்2. 753 நானோமீட்டர் என்பது நம் கண்ணுக்குத் தெரியும் சிவப்பைத் தாண்டி அகச்சிவப்பின் வாசலில் இருக்கிறது. அந்த நீலச் சாயம் அகச்சிவப்பை நன்றாகத் திருப்பி அனுப்பும். அதனால் 'சிவப்பு' அடுக்கில் அது பளிச்சென்று விழுகிறது.

கடிகாரத்தை எல்4, எல்5, எல்6 மூன்றிலும் எடுத்த சோல்களைத் தேடினேன். 601, 535, 482 நானோமீட்டர், நம் கண்ணுக்கு நெருக்கமான மூன்று. அவற்றை அடுக்கியதும் நீலம் நீலமாகவே வந்தது. அதே சோல்களில் இரண்டு முறையிலும் பக்கத்து மண்ணை ஒப்பிட்டு, எல்2 அடுக்கை எவ்வளவு குறைக்க வேண்டும் என்று ஒரு பெருக்கெண் எடுத்தேன். மண்ணுக்கும் பாறைக்கும் அந்த ஒரே எண் போதுமானதாக இருந்தது. வந்த நிறம் நான் எதிர்பார்த்த செக்கச்செவேல் இல்லை. வெயிலில் வெளிறிய செங்கல்பொடியும் காப்பித்தூளும் கலந்த மாதிரி, மங்கலான பழுப்பு. வானம் வெண்ணெய் உருகின நிறம். எனக்கு அதுதான் பிடித்திருக்கிறது.

ஒட்டுவதற்கு ஹியூகின் மென்பொருள், இலவசம். பான்கேமின் பார்வைக் கோணம் 16 டிகிரி, வழி பார்க்கும் கேமராவான நாவ்கேமுக்கு 45 டிகிரி. இந்த எண்ணை முதலில் கொடுத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. பொருந்தும் புள்ளிகளைத் தானாகத் தேடும் வசதி, பாறை உள்ள இடங்களில் நன்றாக வேலை செய்தது. சமவெளியில் ஒரே மாதிரி மணல் அலைகள் கண்ணுக்கெட்டிய தூரம் வரை இருப்பதால், ஒரு அலையை மூன்றாவது அலையோடு பொருத்திவிட்டது. அங்கே கையால் புள்ளி வைத்தேன், ஜோடிக்கு ஆறு. வேலை பாதி முடிந்த பிறகுதான் காப்பக ஃபைல்களின் முகப்பில் கேமரா எந்தத் திசையில், எவ்வளவு உயரத்தில் பார்த்தது என்று டிகிரிக் கணக்கில் எழுதியிருப்பதைக் கவனித்தேன். அதை எடுத்து ஹியூகினுக்குக் கொடுத்தால் படங்கள் கிட்டத்தட்டத் தம் இடத்திலேயே வந்து விழுகின்றன. ஒரு பனோரமாவுக்கு நான்கு மணி நேரம் ஆனது, நாற்பது நிமிடமாகக் குறைந்தது.

வண்டி சாய்வில் நின்றிருந்தால் அடிவானம் பாம்பு மாதிரி நெளியும். மெரிடியானி நல்ல சமவெளி என்பதால் அடிவானத்தில் ஏழெட்டுப் புள்ளி குறித்து 'இது நேர்கோடு' என்று சொன்னால் நிமிர்ந்துவிடும். எண்டியூரன்ஸ் பள்ளத்துக்குள் அடிவானமே இல்லை, நான்கு பக்கமும் சரிவு. அங்கே அந்த முகப்பு எண்களை மட்டுமே நம்பினேன். காலடியில் உள்ள கற்கள் எங்கேயும் முழுசாகப் பொருந்தாது. கேமரா கம்பத்தின் நடுவில் இல்லாமல் 15 சென்டிமீட்டர் தள்ளி இருப்பதால், திரும்பும்போது கிட்டத்தில் இருப்பவை நகர்ந்து தெரிகின்றன. அப்படியே விட்டுவிட்டேன்.

சக்கரத்தடப் படங்களிலும் ஒரு தடுமாற்றம். விக்டோரியாவிலிருந்து எண்டெவர் போகும் நீண்ட ஓட்டத்துக்கு, சக்கரத்தை ஒட்டிய தரையைப் பார்க்கும் முன்பக்கக் கேமராவான ஹாஸ்கேமின் படங்களை வரிசைப்படுத்தி வேகமாகத் தட்டிப் பார்த்தேன். தடம் முன்னாலேயே விழுந்துகொண்டிருந்தது. வரிசை தலைகீழாகிவிட்டதோ என்று மறுபடி சோல் கணக்கைச் சரிபார்த்தேன். கணக்கு சரி. முன் வலது சக்கரத்தின் மோட்டார் கூடுதல் மின்சாரம் இழுத்ததால், பல நாட்கள் ரோவரைப் பின்பக்கமாகவே ஓட்டியிருக்கிறார்கள். அந்தச் சக்கரத்தைத் திருப்பும் மோட்டார் 2005-லேயே சிக்கிக்கொண்டது. அந்த நிலையில் மூன்று வருடம், 21 கிலோமீட்டர்.

நாடாவைத் தாளில் வரைந்து பார்த்தபோதுதான் என் அளவுகோலின் குறை புரிந்தது. நீளம் ஓடிய தூரத்தைக் காட்டுகிறது. ஆனால் ரோவர் நின்ற இடங்களில்தான் படங்கள் குவிந்திருக்கின்றன, அங்கே நாடாவில் இடமே இல்லை. 2005 ஏப்ரல் 26-இல் பர்கேட்டரி என்று பிறகு பெயர் வைத்த மணல் மேட்டில் சக்கரங்கள் புதைந்தன. வெளியே வர ஜூன் 4 ஆகிவிட்டது. கிட்டத்தட்ட 190 மீட்டர் ஓடும் அளவுக்குச் சக்கரங்களைச் சுழற்றியும் வண்டி ஒரு மீட்டர்கூட நகரவில்லை. ஐந்து வாரத்துப் படங்கள், சுவரில் ஒரு ஊசிமுனை. கிரீலி ஹேவன் என்ற இடத்தில் 2011 டிசம்பர் 21 முதல் 2012 மே 8 வரை குளிர்காலத்தைக் கழித்தபோது ஒரே இடத்தில் நின்று 817 படங்களால் ஒரு பனோரமா எடுத்தது. அதுவும் ஒரு ஊசிமுனை.

இதற்காக நாடாவின் கீழே தொங்கல்கள் வைத்தேன். 8 சென்டிமீட்டர் அகல அட்டை, பித்தளைக் கொக்கியில் தொங்கும். பர்கேட்டரி தொங்கலில் ஒரே சக்கரம் பன்னிரண்டு சோல்களில், ஒன்றன் கீழ் ஒன்றாக. ஈகிள் பள்ளத்தின் தொங்கலில் நுண்படக் கருவியின் படங்கள். அவை ஒவ்வொன்றும் சுமார் 3.1 சென்டிமீட்டர் சதுர நிலத்தைக் காட்டுபவை, அதனால் உண்மை அளவிலேயே அச்சிட முடிந்தது. ஹெமடைட் என்ற இரும்புத் தாது உருண்டைகள் நாலைந்து மில்லிமீட்டர். என் மனைவி அஞ்சறைப் பெட்டியிலிருந்து ஒரு மிளகை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். அதே அளவு. மொத்த நாடாவிலும் வீட்டுக்கு வருகிறவர்கள் அதிக நேரம் நிற்பது அந்த மூன்று சென்டிமீட்டர் முன்னால்தான்.

செலவு. முதலில் ஃப்ளெக்ஸில் அடித்தேன், 225 ரூபாய். ஜன்னல் வெளிச்சம் பட்டதும் பளபளத்தது, கை நீள தூரத்தில் மணல் துகள்களும் கரைந்துபோயின. நிறம் சரிபார்க்க ஏ3 தாளில் பத்து பிரதி 400 ரூபாய். கடைசியில் மேட் தாளில் அடித்தது 900. அதை முதலில் மைதா பசையால் ஒட்டிப் பார்த்தேன். 60 சென்டிமீட்டர்த் துண்டு ஈரத்தில் 4 மில்லிமீட்டர் நீண்டுவிட்டது. செவ்வாயில் அது 40 மீட்டர். பிறகு 5 மில்லிமீட்டர் ஃபோம் போர்டை ஒரு அடிப் பட்டைகளாக அறுத்து, இருபக்க டேப்பால் ஒட்டினேன். போர்டு 850, டேப் இரண்டு உருளை 240. ஆகமொத்தம் 2,615 ரூபாய். அடுத்த முறை ஃப்ளெக்ஸ் பக்கமே போகமாட்டேன். தூரத்துக்கு ஒன்று, காலத்துக்கு ஒன்று என்று இரண்டு நாடாக்கள் போட்டு, இரண்டையும் நூலால் இணைப்பேன். 4 மீட்டர் 22 சென்டிமீட்டரில் 2015 மார்ச் 24-க்கு, மாரத்தான் தூரத்தைத் தாண்டிய இடத்துக்கு, ஒரு சிவப்பு நூல் இப்போதே கட்டியிருக்கிறேன்.

நாடா முடியும் இடத்துக்கு அப்பால், கடைசிப் பனோரமாவை மட்டும் தனியாக 1.2 மீட்டரில் அடித்தேன். எண்டெவர் விளிம்பின் உள்சரிவில், பெர்சிவரன்ஸ் பள்ளத்தாக்கில் 2018 மே 13 முதல் ஜூன் 10 வரை எடுத்த 354 படங்கள். எல்2, எல்5, எல்7 என்று மும்மூன்றாக அடுக்கிக்கொண்டே வந்தபோது இடது கீழ்ப் பக்கத்தில் சில கட்டங்களுக்கு எல்2 மட்டும்தான் இருந்தது. இறக்கும்போது இணையம் அறுந்திருக்கும் என்று நினைத்து மூன்று மாலை மறுபடி மறுபடி இறக்கினேன். காப்பகத்தின் பட்டியலை வரி வரியாகப் பார்த்தேன். இல்லை. பிறகு அந்தக் கட்டங்களின் வினாடி எண்ணை 88,775-ஆல் வகுத்துப் பார்த்தேன். கடைசி சோல்கள். செவ்வாய் முழுவதையும் மூடிய தூசிப்புயல் சூரியனை மறைத்துக்கொண்டிருந்த நாட்கள். சூரிய ஒளியில் ஓடும் வண்டி, பச்சைக்கும் ஊதாவுக்கும் அதற்கு நேரம் கிடைக்கவில்லை.

அச்சகத்து அண்ணன் திரையில் பார்த்துவிட்டுக் கேட்டார்: "சார், இந்த ஓரத்துல மட்டும் கலர் ஏறலையே, ஃபைல்ல ஏதாவது கோளாறா? பக்கத்து மண்ணுல இருந்து எடுத்துப் போட்டுடலாம், ரெண்டு நிமிஷ வேலை."

"வேண்டாம்ணே, அது அப்படித்தான் வந்தது. அப்படியே அடிங்க" என்றேன்.

அவர் ஒரு நிமிடம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்த மூலைக்கு மட்டும் சாம்பல் நிறத்தில் சிவப்புச் சாயல் ஏறாமல் இருக்க மை அளவைத் தனியாகத் திருத்தி, ஒரு சின்னத் துண்டு அடித்துக் காட்டிவிட்டு, முழுதாக ஓட்டினார். சாம்பல் சுத்தமான சாம்பலாக வந்திருக்கிறது.